வேர்ட் கோப்பைத் திருத்த முடியவில்லையா? எந்தப் பூட்டு என்று முதலில் பாருங்கள்

காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளைத் தேடும் குடும்பங்கள் ஒரே விபரத்தை எத்தனை தடவை எழுதிக் கொடுத்திருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு, 2013இல் காணாமற்போனோர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு, 2018இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று ஒவ்வொரு வாசலிலும் அதே பெயர், அதே திகதி, அதே இடம். காணி விடுவிப்பு, இழப்பீடு, தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் என்றாலும் இதுதான் நிலைமை.

பல வீடுகளில் இந்த விபரங்கள் ஒரு வேர்ட் கோப்பாக பென் டிரைவிலோ, மின்னஞ்சலிலோ, பிள்ளையின் பழைய மடிக்கணினியிலோ கிடக்கின்றன. முகவரியையும் திகதியையும் மாற்றினால் புதிய கடிதம் தயார் என்று நினைத்துத் திறந்தால், எழுத்து எல்லாம் தெரிகின்றது. ஆனால் கீபோர்ட்டில் எதைத் தட்டினாலும் ஒன்றும் மாறுவதில்லை. நாளை காலை பிரதேச செயலகத்தில் கொடுக்கவேண்டிய கடிதம் என்றால் பதற்றம் வருவது இயல்பு. அந்தப் பதற்றத்தில்தான் கோப்பை அழித்துவிடுவதும், முன்பின் தெரியாத இணையத்தளத்தில் ஏற்றிவிடுவதும் நடக்கின்றன.

உண்மையில் வேர்ட் திருத்த விடாததற்கான காரணங்கள் ஒரு சில மட்டுமே. ஒவ்வொரு காரணத்துக்கும் திரையில் ஓர் அடையாளம் உண்டு. அந்த அடையாளத்தைப் பார்த்து, உரிய பூட்டை மட்டும் திறந்தால் போதும். கணினித் திரையில் ஆங்கிலத்தில் வரும் சொற்களை, வாசித்து அடையாளம் காண்பதற்காக, இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கின்றோம்.

எதையும் தொடமுன்: ஒரு பிரதி

கோப்பின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி 'கொப்பி' என்பதைத் தெரிவுசெய்து, வேறொரு போல்டரில் 'பேஸ்ட்' செய்யுங்கள். பிரதியின் பெயரில் இன்றைய திகதியைச் சேருங்கள். இனிச் செய்யும் வேலை எல்லாம் அந்தப் பிரதியில்தான்.

இது வெறும் முன்னெச்சரிக்கை அல்ல. கோப்பைத் திருத்திச் சேமித்தவுடன், அது கடைசியாக மாற்றப்பட்ட திகதியும் மாறிவிடும். 2013இல் எழுதிய கோப்பு என்பதற்கு அந்தத் திகதி ஒரு சிறிய தடயம். ஒருநாள் எவராவது "இது எப்போது எழுதப்பட்டது?" என்று கேட்கலாம். எனவே மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும்.

முதற் சோதனை: புதிய பக்கத்தில் எழுத முடிகின்றதா?

வேர்ட் மென்பொருளைத் திறந்து, வெறுமையான புதிய பக்கம் ஒன்றை எடுத்து, நான்கு எழுத்துத் தட்டிப் பாருங்கள்.

எழுத முடிந்தால் மென்பொருளில் பிழை இல்லை. பூட்டு உங்கள் கோப்பில் இருக்கின்றது. புதிய பக்கத்திலும் எழுத முடியாவிட்டால் கோப்பில் குற்றமில்லை. மென்பொருளின் உரிமம்தான் பிரச்சினை. இந்த ஒரு சோதனை பாதித் தேடலை மிச்சப்படுத்தும். ஏனென்றால் இரண்டு சந்தர்ப்பத்திலும் 'செலெக்சன் இஸ் லொக்ட்' என்ற ஒரே செய்தி வரக்கூடும்.

மேலே மஞ்சள் பட்டை இருந்தால்

அதிகமாக ஏற்படுவது இதுதான். மின்னஞ்சலில் வந்த, இணையத்தில் இருந்து இறக்கிய, வட்ஸ்அப் ஊடாகக் கணினிக்கு எடுத்த கோப்புகளை வேர்ட் சந்தேகத்துடன் பார்க்கின்றது. வைரஸ் இருக்கலாம் என்பதால் வாசிக்க மட்டும் விடுகின்றது. மேற்பகுதியில் 'புரொடெக்டட் வியூ' என்ற மஞ்சள் பட்டையும், அதன் அருகே 'எனேபிள் எடிட்டிங்' என்ற பொத்தானும் தெரியும். கோப்பை அனுப்பியவரை உங்களுக்குத் தெரியும் என்றால் அந்தப் பொத்தானை அழுத்துங்கள், அவ்வளவுதான்.

பட்டையை மூடிவிட்டீர்கள் என்றால், 'பைல்' பட்டியலில் 'இன்போ' பகுதிக்குச் செல்லுங்கள். அதே பொத்தான் அங்கும் இருக்கும். ஒவ்வொரு முறையும் இந்தத் தொல்லை வந்தால், வேர்ட்டை மூடிவிட்டு, கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'புரொப்பர்ட்டீஸ்' செல்லுங்கள். அடியில் 'அன்புளொக்' என்ற சிறிய கட்டம் இருந்தால் அதில் சரியடையாளம் இட்டு 'ஓகே' கொடுங்கள்.

பட்டை சிவப்பாக இருந்தால் அவசரப்படவேண்டாம். கோப்பின் உள்ளமைப்பில் ஏதோ பழுது இருக்கின்றது என்று வேர்ட் எச்சரிக்கின்றது. அனுப்பியவரிடம் மீண்டும் ஒருமுறை அனுப்பும்படி கேளுங்கள். முன்பின் தெரியாத முகவரியில் இருந்து வந்த கோப்பு என்றால், அதைத் திறக்காமல் விடுவதே நல்லது. காணாமல் ஆக்கப்பட்டோர், காணி, இழப்பீடு என்று தலைப்பிட்டு வந்தால் எங்கள் ஆட்கள் யோசிக்காமல் திறந்துவிடுவார்கள் என்பது வைரஸ் அனுப்புகின்றவர்களுக்கும் தெரியும்.

மஞ்சள் பட்டையில் 'மார்க்ட் அஸ் பைனல்' என்று இருந்தால், எழுதியவர் "இது இறுதி வடிவம்" என்று குறித்து வைத்திருக்கின்றார் என்று அர்த்தம். இதற்குக் கடவுச்சொல் இல்லை. பக்கத்தில் உள்ள 'எடிட் எனிவே' பொத்தானை அழுத்தினால் திருத்தலாம்.

பெயருக்குப் பக்கத்தில் 'ரீட் ஒன்லி' என்று இருந்தால்

'வாசிக்க மட்டும்' என்பதுதான் இதன் பொருள். சிப் எனப்படும் சுருக்கிய கோப்புக்குள் இருந்தபடியே திறந்தால், எழுத முடியாத சீடியில் இருந்து திறந்தால், அல்லது கோப்பின் 'புரொப்பர்ட்டீஸ்' பகுதியில் 'ரீட் ஒன்லி' கட்டம் குறிக்கப்பட்டிருந்தால் இப்படி வரும். யுத்த காலத்திலும் அதன் பின்னரும் சீடியில் எழுதிப் பாதுகாத்த ஆவணங்கள் பலரிடம் உண்டு. அவற்றைக் கணினிக்குப் பிரதி செய்த பின்னரே திறவுங்கள். வட்டுகள் காலத்தோடு பழுதடையும். இன்னும் பிரதி எடுக்கவில்லை என்றால் இன்றே எடுங்கள்.

திறக்கும்போதே கடவுச்சொல் கேட்டு, பக்கத்தில் 'ரீட் ஒன்லி' என்ற பொத்தானும் வந்தால், வாசிப்பதற்குத் தடை இல்லை, அதே கோப்பில் மாற்றுவதற்கே தடை. அந்தப் பொத்தானை அழுத்தித் திறந்து, கீபோர்ட்டில் எப் 12 விசையை அழுத்தி வேறு பெயரில் சேமியுங்கள். புதிய பெயரில் உள்ளதைத் திருத்தலாம்.

'லொக்ட் போர் எடிட்டிங்' என்று வந்து உங்கள் பெயரையே காட்டினால்

"இந்தக் கோப்பை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கின்றார்" என்று சொல்லும் செய்தி இது. அலுவலகங்களில் அது உண்மையாக இருக்கலாம். வீட்டில் ஒரே ஒரு கணினி, ஆனால் உங்கள் பெயரே வருகின்றது என்றால், பெரும்பாலும் மின்வெட்டின் வேலை.

வேர்ட் ஒரு கோப்பைத் திறக்கும்போது, அதே போல்டரில் கண்ணுக்குத் தெரியாத சிறிய கோப்பு ஒன்றை வைக்கின்றது. "இதை நான் பாவிக்கின்றேன்" என்று வாசலில் வைத்த அடையாளம் போன்றது அது. முறையாக மூடும்போது அதை எடுத்துவிடும். மின்சாரம் திடீரென நின்றால் அந்த அடையாளம் அங்கேயே தங்கிவிடும். அடுத்த தடவை திறக்கும்போது வேர்ட் அதைப் பார்த்துத் தானே ஏமாறுகின்றது.

செய்யவேண்டியது:

1. திறந்திருக்கும் வேர்ட் கோப்புகளைச் சேமித்து, எல்லாவற்றையும் மூடிவிட்டு, கணினியை மறுபடி இயக்குங்கள். பல நேரங்களில் இதுவே போதும்.

2. போதாவிட்டால், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். 'டாஸ்க் மனேஜர்' திறக்கும். அதில் வேர்ட் இன்னமும் இயங்குவதாகக் காட்டினால், அதைத் தெரிவுசெய்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். சேமிக்காத வேலை ஏதும் இருந்தால் அது போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

3. போல்டரின் 'வியூ' பட்டியலில் 'ஹிடின் ஐட்டம்ஸ்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். உங்கள் கோப்பின் பெயரைப் போலவே, ஆனால் ~$ என்ற இரு குறிகளுடன் தொடங்கும் ஒரு கோப்பு மங்கலாகத் தெரியும். அதை மட்டும் அழியுங்கள். உங்கள் உண்மையான கோப்பில் கை வைக்கவேண்டாம்.

மின்வெட்டில் எழுதியது தொலைந்துவிட்டது என்றாலும் உடனே மனம் தளரவேண்டாம். வேர்ட் வழமையாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஒரு பிரதியை எடுத்து வைக்கும். மீண்டும் திறக்கும்போது இடது பக்கத்தில் அது தோன்றலாம். தோன்றாவிட்டால் 'பைல்', 'இன்போ', 'மனேஜ் டொக்கியுமென்ட்' என்ற வழியில் சென்று, 'ரிக்கவர் அன்சேவ்ட் டொக்கியுமென்ட்ஸ்' என்பதில் தேடுங்கள்.

படிவத்தில் சில இடங்களில் மட்டும் எழுத முடிந்தால்

திணைக்களங்களும் நிறுவனங்களும் அனுப்பும் படிவங்களில் இது வழமை. வெற்றிடங்களை நிரப்பலாம், ஏனைய சொற்களை மாற்ற முடியாது. இது பழுது அல்ல, வேண்டுமென்றே இடப்பட்ட பூட்டு. கீபோர்ட்டில் 'டாப்' விசையை அழுத்தினால் ஒரு வெற்றிடத்தில் இருந்து அடுத்ததற்குத் தானாகச் செல்லும். விபரம் வெற்றிடத்துக்குள் அடங்காவிட்டால், படிவத்தின் சொற்களை மாற்ற முயலாமல், "இணைப்பு 1" என்று தனித்தாளில் எழுதி, படிவத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

உங்கள் சொந்தக் கடிதமே இப்படிப் பூட்டப்பட்டிருந்தால், 'ரிவியூ' பட்டியலில் 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' என்பதை அழுத்துங்கள். வலது பக்கத்தில் திறக்கும் பகுதியின் அடியில் 'ஸ்டொப் புரொடெக்சன்' இருக்கும். கடவுச்சொல் இடப்படாவிட்டால் உடனே திறக்கும். கடவுச்சொல் கேட்டால், அதை ரைப் செய்து கொடுத்தவரிடம் கேளுங்கள்.

அவர் இப்போது ஊரில் இல்லை, தொடர்பும் இல்லை என்றால் வேர்ட்டிலேயே இன்னொரு வழி உண்டு. புதிய வெறும் பக்கத்தைத் திறந்து, 'இன்சேர்ட்' பட்டியலில் 'ஒப்ஜெக்ட்' என்பதன் பக்கத்து அம்புக்குறியை அழுத்தி, 'டெக்ஸ்ட் புரொம் பைல்' என்பதைத் தெரிவுசெய்து, பழைய கோப்பைக் காட்டுங்கள். பெரும்பாலும் உள்ளே உள்ள எழுத்து முழுவதும் பூட்டு இல்லாமல் புதிய பக்கத்துக்கு வந்துவிடும்.

ஆனால் கோப்பைத் திறப்பதற்கே கடவுச்சொல் வேண்டும் என்றால் அது வேறு விடயம். அந்தக் கோப்பு முழுமையாக மறைகுறியாக்கப்பட்டிருக்கின்றது. கடவுச்சொல்லை மறந்தால் மைக்ரோசொப்ட் நிறுவனத்தாலும் அதை மீட்டுத் தர முடியாது. எனவே இவ்வாறான கடவுச்சொல்லைக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் தெரியும்படி ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தேடல் நீண்டுகொண்டே போகின்றது. தேடுகின்ற பெற்றோர் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். அவர்களுடைய கோப்பு அவர்களோடு மூடப்பட்டுவிடக் கூடாது.

புதிய பக்கத்திலும் எழுத முடியாவிட்டால்

மேலே 'அன்லைசென்ஸ்ட் புரொடக்ட்' அல்லது 'புரொடக்ட் அக்டிவேசன் பெயில்ட்' என்று இருக்கின்றதா என்று பாருங்கள். புதிய மடிக்கணினியோடு வந்த பரீட்சார்த்தப் பதிப்பின் காலம் முடிந்திருக்கலாம். அல்லது கடையில் போட்டுத் தந்தது உரிமம் இல்லாத பதிப்பாக இருக்கலாம். இந்நிலையில் கோப்பை வாசிக்கவும் பிரிண்ட் எடுக்கவும் முடியும், திருத்த முடியாது. 'பைல்' பட்டியலில் 'அக்கவுண்ட்' பகுதிக்குச் சென்றால் உரிமத்தின் நிலை தெரியும்.

ஆதரவுக் காலம் முடிந்ததால்தான் பூட்டிவிட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. ஒபிஸ் 2010க்கான ஆதரவு 2020 ஒக்டோபரிலும், ஒபிஸ் 2013க்கானது 2023 ஏப்ரலிலும், ஒபிஸ் 2016, 2019 ஆகியவற்றுக்கானது 2025 ஒக்டோபரிலும் முடிந்தன. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது என்பதே அதன் அர்த்தம். முறையான உரிமம் இருந்தால் அவை தொடர்ந்து இயங்கும்.

பணம் செலவழிக்காமல் வேலையை முடிக்க மூன்று வழிகள் உண்டு. 'லிப்ரே ஒபிஸ்' என்ற இலவச மென்பொருளை அதன் உத்தியோகபூர்வ தளத்தில் இருந்து இறக்கலாம். வேர்ட் கோப்புகளைத் திறந்து திருத்தும், பின்னர் இணையம் இல்லாமலும் இயங்கும். மைக்ரோசொப்ட் கணக்கு இருந்தால் இணைய உலாவியில் வேர்ட்டை இலவசமாகப் பாவிக்கலாம். கூகுள் கணக்கு இருந்தால் கூகுள் டொக்ஸில் திறக்கலாம். 'கிராக்' என்ற பெயரில் கிடைப்பவற்றைத் தவிருங்கள். அவற்றோடு வைரஸும் வருவதுண்டு, இருக்கும் ஆவணங்களையும் இழக்க நேரிடும்.

வெளிநாட்டில் உள்ள உறவினர் கூகுள் டொக்ஸ் இணைப்பாக அனுப்பிய கடிதம் 'வியூ ஒன்லி' என்று காட்டினால், உங்களுக்கு வாசிக்கும் அனுமதி மட்டுமே தரப்பட்டிருக்கின்றது. அனுமதியை 'எடிட்டர்' என்று மாற்றும்படி கேளுங்கள். அல்லது 'பைல்' பட்டியலில் 'மேக் எ கொப்பி' கொடுத்து உங்கள் சொந்தப் பிரதியை எடுங்கள்.

எழுத்து அல்ல, படம் என்றால்

எழுத்தின் மேல் ஒருமுறை கிளிக் செய்யுங்கள். பக்கம் முழுவதையும் சுற்றி ஒரு சட்டமும் மூலைகளில் சிறு புள்ளிகளும் வந்தால், உங்களிடம் இருப்பது ஸ்கான் செய்த படம். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், காணி உறுதி போன்றவை இப்படித்தான் இருக்கும். அவற்றைத் திருத்தவும் கூடாது. அதில் உள்ள விபரத்தை எழுத்தாக எடுக்க விரும்பினால், படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி, வலது பொத்தானை அழுத்தி, கூகுள் டொக்ஸில் திறக்கலாம். தமிழ் எழுத்தையும் அது வாசிக்கும், ஆனால் பிழைகள் வரும். மூலத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

பாமினியில் ரைப் செய்த பழைய கடிதங்கள்

எங்கள் பகுதியில் பல வருடங்களாகக் கடிதங்கள் பாமினி எழுத்துருவிலேயே ரைப் செய்யப்பட்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து அர்த்தமில்லாமல் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு. அழிக்கவேண்டாம். பாமினி எழுத்துருவைக் கணினியில் நிறுவி, முழுவதையும் தெரிவுசெய்து அந்த எழுத்துருவுக்கு மாற்றினால் தமிழ் திரும்பி வரும்.

யூனிகோட் எழுத்துக்கு மாற்றினால் எந்தக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் வாசிக்கலாம். பாமினி முறையில் தட்டிப் பழகியவர்கள், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளில் அதே விசைமுறையைத் தெரிவுசெய்து நேரடியாக யூனிகோட்டிலேயே ரைப் செய்யலாம்.

மாற்றும்போது ஓர் ஆபத்தைக் கவனிக்கவேண்டும். மாற்றி, எல்லாவற்றையும் பாமினி என்று எடுத்துக்கொள்ளும்; இடையில் உள்ள ஆங்கிலத்தையும் மாற்றிவிடும். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கங்களும் வி அல்லது எக்ஸ் என்ற பெரிய ஆங்கில எழுத்தும் கொண்டது. பாமினியில் அந்த 'வி' விசை 'ஏ', 'எக்ஸ்' விசை 'ஓ'. ஆகவே மாற்றிய பின்னர் அடையாள அட்டை இலக்கத்தின் முடிவில் 'ஏ' அல்லது 'ஓ' நிற்கும். வாகன இலக்கம், மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலத்தில் உள்ள பெயர்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். முன்னர் கொடுத்த முறைப்பாட்டில் ஒரு பெயர், இப்போதைய கடிதத்தில் இன்னொரு எழுத்தில் அதே பெயர் என்றால், இருவரும் ஒருவரா என்ற கேள்வி எழும். எனவே பெயர், திகதி, இலக்கம் ஆகிய மூன்றையும் பழைய பிரிண்ட் பிரதியோடு வைத்துச் சரிபாருங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் பார்ப்பது சிறந்தது.

பூட்டைத் திறக்கும் அவசரத்தில் செய்யக்கூடாதவை

கடவுச்சொல்லை நீக்கித் தருவோம், எழுத்துருவை மாற்றித் தருவோம் என்று சொல்லும் இணையத்தளங்கள் நிறைய உள்ளன. அங்கே ஏற்றும் கோப்பு யாருடைய கணினியில் தங்குகின்றது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் சாட்சிகளின் பெயர், வீட்டு முகவரி, அடையாள அட்டை இலக்கம், சில வேளைகளில் குற்றம் சாட்டப்படுபவரின் பெயரும் இருக்கும். அது உங்களுடைய இரகசியம் மட்டுமல்ல, சாட்சி சொன்னவருடைய பாதுகாப்பும்கூட.

கொமினிகேசன் கடையில் வேலை செய்வித்தால், முடிந்ததும் கோப்பை அந்தக் கணினியில் இருந்து அழித்து, 'ரிசைக்கிள் பின்' பகுதியையும் வெறுமையாக்கச் சொல்லுங்கள். அங்கே திறந்த மின்னஞ்சல், வட்ஸ்அப் ஆகியவற்றில் இருந்து வெளியேறிவிட்டீர்களா என்று பாருங்கள். வட்ஸ்அப் என்றால், உங்கள் தொலைபேசியில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதிக்குச் சென்று அந்தக் கணினியை நீக்கலாம்.

இன்னொன்று: சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிட்ட சத்தியக்கடதாசியின் வேர்ட் கோப்பு உங்களிடம் இருந்தாலும், அதில் ஒரு சொல்லை மாற்றி மறுபடி பிரிண்ட் எடுத்தால் அது பழைய சத்தியக்கடதாசி ஆகாது. மாற்றவேண்டிய விடயம் இருந்தால் புதிதாக எழுதி, புதிய திகதியில், புதிதாகக் கையொப்பம் இடவேண்டும். பழையதும் கோவையில் இருக்கட்டும்.

சுருக்கமாக

- முதலில் பிரதி எடுங்கள், மூலத்தைத் தொடவேண்டாம்.
- புதிய பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முடியாவிட்டால் உரிமம், முடிந்தால் கோப்பு.
- மஞ்சள் பட்டை: அனுப்பியவரைத் தெரிந்தால் மட்டும் 'எனேபிள் எடிட்டிங்'.
- 'ரீட் ஒன்லி': எப் 12 அழுத்தி வேறு பெயரில் சேமியுங்கள்.
- உங்கள் பெயரிலேயே 'லொக்ட்': கணினியை மறுபடி இயக்குங்கள், பிறகு ~$ கோப்பைத் தேடுங்கள்.
- சில இடங்களில் மட்டும் எழுத முடிகின்றது: 'ரிவியூ', 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்'.
- சட்டமும் புள்ளிகளும் வருகின்றன: அது படம்.
- அர்த்தமில்லாத எழுத்து: எழுத்துருவைப் பாருங்கள், கோப்பை அழிக்கவேண்டாம்.

வேலை முடிந்ததும் புதிய கடிதத்தை வேர்ட் கோப்பாகவும் பீடிஎப் கோப்பாகவும் சேமியுங்கள். வேர்ட் அடுத்த தடவை திருத்துவதற்கு, பீடிஎப் என்ன கொடுத்தோம் என்பதற்குச் சாட்சி. ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி நம்பிக்கையான உறவினரிடம் இருக்கட்டும். இடப்பெயர்வில் கடதாசிகளைத் தொலைத்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.